எத்தனை வாட் போடணும்ணா?

மீன்தொட்டியில் செடி வைக்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது இதைத்தான். என்ன செடி என்று சொல்ல மாட்டார்கள், தொட்டி எவ்வளவு உயரம் என்றும் சொல்ல மாட்டார்கள். "எத்தனை வாட் லைட்டு போடணும்ணா?" நான் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பேன். தொட்டி எவ்வளவு உயரம்? எந்தச் செடி? ஒரு நாளைக்கு லைட் எத்தனை மணி நேரம் எரியும்? முதல் இரண்டுக்கு எப்படியாவது பதில் வந்துவிடும். மூன்றாவதுக்கு மட்டும், "ஆபீஸ்ல இருந்து வந்ததும் போடுவேன், தூங்கப் போறப்ப அணைப்பேன், சில நாள் மறந்துடும்ணா" என்பார்கள். அந்தத் தொட்டியில் செடி வளருமா, பாசி வளருமா என்பது பாதிக்கு மேல் இந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

வட சென்னையில் கொளத்தூரைச் சுற்றி வண்ணமீன் வளர்ப்பது ஒரு குடிசைத் தொழில். வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் சிமென்ட் தொட்டி கட்டி கப்பி, மோலி, ஃபைட்டர், கௌராமி என்று குஞ்சு எடுத்து வெளியூர்களுக்கு அனுப்புவார்கள். கண்ணாடி வெட்டி சிலிகான் ஒட்டித் தொட்டி செய்வதில்தான் நானும் ஆரம்பித்தேன். பிறகு வீடு, கிளினிக், ஆபீஸ் என்று போய்த் தொட்டி பராமரிக்கிற வேலைக்கு வந்துவிட்டேன். மீன் விற்கிறவனுக்கு லைட் என்பது மூடியோடு சேர்ந்து வருகிற ஒரு சாமான், அவ்வளவுதான். பராமரிக்கிறவனுக்கு அப்படியில்லை. தொட்டி கெட்டுப்போனால் வாரா வாரம் கண்ணாடி சுரண்டப் போகிறவன் அவன்தானே.

அப்போதெல்லாம் தொட்டிக்கு மேலே 'டாப்' என்று ஒரு பெட்டி உட்காரும். பிளைவுட்டில் சன்மைக்கா ஒட்டியது. உள்ளே டியூப் லைட், சோக்கு, ஸ்டார்ட்டர். முதலில் தடித்த டி12 பட்டி, பிறகு டி8, கடைசியில் ஒல்லியான டி5. அந்த எண் பட்டியின் விட்டத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கணக்கில் சொல்வது. டி8 என்றால் ஒரு அங்குலம், டி12 என்றால் ஒன்றரை. பட்டி சுற்றிலும் ஒளி வீசும் என்பதால் பாதி வெளிச்சம் டாப்பின் மேல்பலகைக்கே போய்விடும். அதைக் கீழே திருப்ப உள்பக்கம் வெள்ளை பெயின்ட் அடிப்போம், சிலர் அலுமினியத் தாள் ஒட்டுவார்கள். வருடம் திரும்புவதற்குள் பட்டியின் வீரியம் இறங்கிவிடும். நம் கண்ணுக்கு அது தெரியாது. செடிக்குத் தெரியும். சோக்கின் சூடு வேறு. மே மாதத்தில் சென்னையில் தொட்டித் தண்ணீர் சும்மாவே 32 டிகிரியைத் தொடும், அதன்மேல் அடுப்பு வைத்ததுபோல் இந்தச் சோக்கு.

வாட் கணக்கு பிறந்தது அந்தப் பட்டிக் காலத்தில்தான். ஒரு கேலன் தண்ணீருக்கு இத்தனை வாட் என்று அமெரிக்க மீன்தொட்டி ஆர்வலர்கள் வைத்த வாய்ப்பாடு நம் பக்கம் வந்து, லிட்டருக்கு அரை வாட் என்று மாறியது. எல்லோரும் ஏறத்தாழ ஒரே மாதிரி பட்டியைப் போட்டபோது அந்தக் கணக்கு ஒப்பேறியது. வாட் என்பது லைட் தின்கிற மின்சாரம். அது எவ்வளவு ஒளி தருகிறது, அந்த ஒளியில் எவ்வளவு தொட்டியின் தரைக்கு வந்து சேர்கிறது என்பதெல்லாம் வேறு சமாசாரம். எல்ஈடி வந்தபின் இந்த மூன்றுக்கும் இருந்த பழைய உறவு அறுந்துபோனது. ஆனால் கேட்கிறவர் நாக்கில் வாட் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

வெள்ளை எல்ஈடியின் உள்ளே உண்மையில் இருப்பது நீல விளக்கு. ஏறத்தாழ 450 நானோமீட்டர் நீல ஒளி தருகிற சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. நீலத்தில் ஒரு பகுதியைப் பூச்சு விழுங்கி மஞ்சளாகத் துப்ப, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்ஈடியைச் சாத்தியமாக்கியதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் தொழிலில் அமானோ என்றால் வேறொருவர் நினைவுக்கு வருவார். தகாஷி அமானோ, ஜப்பானிய ஒளிப்படக் கலைஞர். தொட்டிக்குள் காட்டையும் மலையையும் செடியால் அமைத்துக் காட்டி, உலகம் முழுக்க ஒரு தலைமுறையையே அந்தப் பைத்தியத்தில் தள்ளியவர். லிஸ்பன் மீன்காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத்துக்கு ஒரு நீருலகக் காடு அமைத்துவிட்டு 2015-ல் காலமானார். என்னிடம் வருகிற இளைஞர்கள் பலர் அவர் பாணித் தொட்டியின் படத்தைக் கைபேசியில் காட்டி, "இதே மாதிரி வேணும்ணா" என்கிறார்கள். அந்தப் படத்தில் தரையெல்லாம் பச்சைக் கம்பளமாக இருக்கும். அதற்குப் பலத்த ஒளி வேண்டும், சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வேண்டும், நாள் தவறாமல் உரம் வேண்டும், வாரம் தவறாமல் கத்தரிக்க வேண்டும். "வாரத்துல எத்தனை மணி நேரம் இதுக்கு ஒதுக்குவீங்க தம்பி?" என்று கேட்டால் பெரும்பாலும் கைபேசி பைக்குள் போய்விடும்.

அவர்களுக்கும், மற்ற முக்கால்வாசிப் பேருக்கும் ஏற்றது குறைந்த ஒளித் தொட்டிதான். சிலிண்டர் இல்லை, வாரக் கத்தரிப்பு இல்லை. அதற்கென்றே சில செடிகள் இருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்க ஓடைக்கரைகளிலிருந்து வந்த அனுபியாஸ், தென்கிழக்கு ஆசியாவின் ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ், கிரிப்டோகோரைன். கிரிப்டோவில் எனக்குப் பிடித்தது வெண்ட்டி வகை. பிறப்பிடம் இலங்கை, அங்கு மட்டுமே இயற்கையாக வளர்வது. மேலே மரக்கூரை மூடியிருக்க, வெயில் பொட்டுப் பொட்டாக மட்டும் இறங்குகிற ஓடைகளில் இந்தச் செடிகளின் வாழ்க்கை. மெதுவாக வளரும். அனுபியாஸ் மாதத்துக்கு ஓர் இலை விட்டாலே நல்ல காரியம். அந்த மெத்தனம்தான் அதன் பலம். பலத்த ஒளியில் அதுவே பலவீனமாகவும் ஆகிவிடும். ஓர் இலை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால், மிஞ்சிய வெளிச்சத்தில் அதன்மேல் பச்சைப் புள்ளிப் பாசி படியாமல் என்ன செய்யும்?

கணக்குக்கு வருகிறேன். செடி பயன்படுத்தும் ஒளி 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அந்த வரம்புக்குள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்பதே சரியான அளவு. எங்கள் பேச்சில் 'பார்' என்போம். சிலிண்டர் இல்லாத தொட்டியில், நான் சொன்ன செடிகளுக்குத் தரையில் 15-லிருந்து 30 வரை இருந்தால் போதும். நண்பகல் வெயிலில் இது ஏறத்தாழ 2000 இருக்கும். அதாவது உச்சி வெயிலில் நூறில் ஒரு பங்கு கிடைத்தாலே அனுபியாஸுக்கு வயிறு நிறைந்துவிடும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. நம் கண் அப்படிப்பட்டது. இருட்டுக்கும் வெயிலுக்கும் தன்னைச் சரிசெய்துகொண்டு, எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமன் கூட மனிதக் கண்ணுக்காகப் போட்ட கணக்குத்தான். 555 நானோமீட்டர் பச்சையில் கண்ணுக்குக் கூர்மை அதிகம் என்பதால் பச்சை, மஞ்சள் ஒளிக்கு அதில் மதிப்பெண் கூடுதல். அதற்காக லூமன் வீண் என்று தூக்கி எறிய வேண்டியதில்லை. சாதாரண வெள்ளை எல்ஈடியாக இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு சதுர மீட்டரில் விழும் லூமனை லக்ஸ் என்பார்கள். 6500 கெல்வின் வெள்ளையில் ஏறத்தாழ 70 லக்ஸ் சேர்ந்தால் ஒரு பார். பார் மீட்டர் வாங்கப் பெருந்தொகை ஆகும். லக்ஸ் மீட்டர் சென்னை ரிச்சி தெருவிலேயே கிடைக்கும், அதன் விலையில் ஒரு நல்ல ஃபில்டர் கூட வராது. தொட்டி வைத்ததும், தண்ணீர் ஊற்றுமுன், உணரியைத் தரையில் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்துவிடுவேன். 1000-லிருந்து 2000 லக்ஸுக்குள் வந்தால் அதோடு விட்டுவிடுவேன். தண்ணீர் நிரம்பியபின் கண்ணாடியின் உள்பக்கம் ஒளியை உள்ளேயே திருப்பி விடுவதால் கணக்கு கொஞ்சம் மாறும். குறைந்த ஒளிச் செடிகளுக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டல்ல. மூலைகள் மட்டும் நடுவைவிட வெகுவாகக் குறைந்தால், செடி வைக்கும்போது மூலைக்கு மாஸும் நடுவுக்குக் கிரிப்டோவும் என்று பிரித்துக்கொள்வேன். கைபேசிச் செயலியிலும் லக்ஸ் பார்க்கலாம் என்று பையன்கள் காட்டுகிறார்கள். ஒரு கைபேசிக்கும் இன்னொன்றுக்கும் ஒத்துப்போவதில்லை. ஒரே கைபேசியை வைத்து இரண்டு லைட்டை ஒப்பிட உதவும், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

இந்தக் கணக்கெல்லாம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்றால், மின்சாதனக் கடையில் தொங்குகிற சாதாரண எல்ஈடி பேட்டனில். இதை எழுதுவதால் என் வியாபாரம் கொஞ்சம் அடிபடும், படட்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி சுமார் 55 லிட்டர் பிடிக்கும். அதற்கு மேலே இரண்டடி, 10 வாட் பேட்டன் ஒன்று. ஏறத்தாழ 1000 லூமன். நான் அளந்தவரையில் தரையில் 2000 லக்ஸ் அக்கம்பக்கம் வரும், அதாவது 30 பாரை ஒட்டி. குறைந்த ஒளித் தொட்டிக்கு அது மேல்வரம்பு. லிட்டருக்கு அரை வாட் என்ற பழைய வாய்ப்பாட்டைப் பிடித்துக்கொண்டு இதே தொட்டிக்கு 27 வாட் எல்ஈடி போட்டவர் வீட்டில் ஒரே மாதத்தில் தண்ணீர் பட்டாணிச் சாறு நிறத்துக்கு வந்துவிடும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகல உயரத் தொட்டிக்கு நான்கடிப் பட்டி உட்காராது. இரண்டடி பேட்டன் இரண்டை முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்தால் வேலை முடிந்தது. இரண்டடி உயரமுள்ள தொட்டிதான் தொல்லை. ஒளி கீழே போகப் போகப் பரவி மெலியும். அங்கே லைட்டைக் கூட்டுவதைவிட, மரக்கட்டை ஒன்றை நிறுத்தி, அதன்மேல் அனுபியாஸைக் கட்டி, செடியை ஒளியை நோக்கி மேலே கொண்டுவருவதுதான் என் வழக்கம். அனுபியாஸின் கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் எப்படியும் அழுகிப்போகும், ஆகவே கட்டைதான் அதற்குச் சொந்த வீடு.

அப்படியானால் செடிக்கென்று விற்கிற விலை உயர்ந்த லைட்டெல்லாம் ஏமாற்றா என்று கேட்பார்கள். இல்லை. நல்ல செடி லைட்டில் இரண்டு காரியம் சிறப்பாக இருக்கும். ஒன்று நிறம். சாதாரண பேட்டனில் சிவப்பு மட்டாக இருப்பதால் கார்டினல் டெட்ரா மீனின் சிவப்பும் கிரிப்டோவின் செம்பழுப்பும் சோகை பிடித்ததுபோல் தெரியும். நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான அளவு சிஆர்ஐ; பெட்டியில் அது 90 என்று போட்டிருந்தால் அந்தக் குறை இராது. செடியைப் பொறுத்தவரை இந்த வித்தியாசத்தால் பெரிய நட்டமில்லை, பார்க்கிற நமக்குத்தான். இரண்டாவது, டிம்மர். எனக்குக் கைக்காசு மிச்சம் இருந்தால் நான் செலவழிப்பது இதற்குத்தான். ஏறத்தாழ எந்தத் தொட்டிக்கும் வாங்கிய லைட் முதல் நாளிலேயே சரியாக அமைவதில்லை. கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருந்தால், தொட்டி கேட்கிறபடி நடந்துகொள்ளலாம். டிம்மர் இல்லாத லைட்டை உயர்த்தித் தொங்கவிடலாம், அதுவும் ஒரு டிம்மர்தான்.

ஊதா லைட் விஷயத்தில் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது. சிவப்பும் நீலமும் மட்டும் எரிந்து தொட்டியே சினிமா செட்டிங் மாதிரி ஊதா நிறத்தில் கிடக்கும். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சும் என்பது உண்மை. பச்சை ஒளி செடிக்கு உதவவே உதவாது என்று அதிலிருந்து முடிவுக்குத் தாவுவதுதான் தப்பு. டெக்சாஸில் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 பயிர்ச் செடிகளின் இலையில் ஒவ்வொரு நிறத்தையும் விழச் செய்து ஒளிச்சேர்க்கையை அளந்து 1972-ல் வெளியிட்டார். பச்சையிலும் இலை கணிசமாக வேலை செய்கிறது என்று அதில் தெளிவாக இருக்கிறது. பண்ணையில் மாடிமேல் மாடியாகக் கீரை வளர்க்கிறவருக்கு ஊதா லைட்டால் மின்கட்டணம் மிச்சப்படலாம். கூடத்தில் தொட்டி வைத்து மாலையில் எதிரே உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அதனால் கண்வலிதான் மிச்சம். அதோடு, நான் சொன்ன 70 லக்ஸ் கணக்கு ஊதா லைட்டுக்குப் பொருந்தாது, அளந்து பார்க்கவும் வழியில்லாமல் போகும். தண்ணீர் சிவப்பை விழுங்கிவிடும், அதனால் கூடுதல் சிவப்பு வேண்டும் என்று ஒரு விற்பனைப் பேச்சும் உண்டு. கடலுக்கு அது சரி. ஒன்றரை அடித் தொட்டியில் தரைக்குப் போவதற்குள் ஆறில் ஒரு பங்குதான் குறையும். நம் தொட்டிகளில் பெரிதாக ஒளி தின்பது வேறு. மரக்கட்டையும் வாதுமை இலையும் ஊறித் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தால், அது நீலத்தைத் தின்னும்.

லைட்டை மாற்றவே கூடாத நேரத்தில்தான் பெரும்பாலும் லைட்டை மாற்றுகிறார்கள். செடி வாங்கிப் போய் வைத்த இரண்டாவது வாரம் எனக்குப் போன் வரும். "அண்ணா, இலையெல்லாம் கரைஞ்சு போவுது. லைட்டு பத்தலைபோல." கடையில் விற்கிற கிரிப்டோவையும் அனுபியாஸையும் நர்சரியில் தண்ணீருக்கு வெளியே, ஈரக் காற்றில் வளர்த்திருப்பார்கள். காற்றில் விட்ட இலை தண்ணீருக்குள் வேலைக்கு ஆகாது. காற்றில் கிடைப்பதுபோல் தண்ணீருக்குள் கார்பன் டை ஆக்சைடு எளிதில் கிடைக்காது. தண்ணீரில் அது பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. அதனால் செடி பழைய இலையைக் கைவிட்டு, தண்ணீருக்கேற்ற மெல்லிய இலையைப் புதிதாக விடும். கிரிப்டோ இதில் மற்றவற்றைவிடப் பிடிவாதம். மொத்தமாகக் கரைந்து மொட்டையாக நிற்கும், வேர் மட்டும் உயிரோடு இருக்கும். அந்த மொட்டையைப் பார்த்துப் பதறி பெரிய லைட் வாங்கிப் போட்டால் என்ன ஆகும்? ஒளியை வாங்க இலை இல்லை. கரைந்த இலையின் சத்தெல்லாம் தண்ணீரில் இருக்கிறது. ஒளியும் சத்தும் இருந்து, உண்ண ஆளில்லாத வீட்டில் பாசி குடியேறும். லைட்டால் கெட்ட தொட்டி என்று என்னிடம் வருபவற்றில் வெளிச்சம் போதாமல் போனவை கொஞ்சம், இப்படி மிஞ்சிப்போனவைதான் மிச்சமெல்லாம். போன் செய்கிறவரிடம் நான் சொல்வது, "கரைஞ்ச இலையைக் கிள்ளி எடுங்க, லைட்டை அப்படியே விடுங்க, ஒரு மாசம் கழிச்சுப் பேசுங்க." பலர் திரும்பப் பேசுவதில்லை. பேசாவிட்டால் செடி பிழைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வேன்.

புதுத் தொட்டியின் கண்ணாடியிலும் மணலிலும் முதல் சில வாரங்களில் படிகிற பழுப்புப் பாசிக்கும் லைட்டுக்கும் அவ்வளவு சம்பந்தமில்லை. துடைத்துவிட்டால் கொஞ்ச நாளில் தானே நின்றுவிடும்.

அண்ணா நகர் பக்கம் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் நான்கடித் தொட்டி பார்க்கிறேன். காத்திருக்கிறவர்கள் பயத்தை மறக்க வேண்டும் என்று வைத்தது. காலை எட்டரைக்கு லைட் எரிந்தால் இரவு பத்து வரை எரிய வேண்டும் என்றார் டாக்டர். "தொட்டி இருட்டா இருந்தா பேஷன்ட்டுக்கு என்ன சார் பிரயோஜனம்?" நியாயமான பேச்சு. தொட்டி லைட்டுக்கு வாடிக்கையாளர் இருவர், செடி ஒருவர், மனிதர் ஒருவர். செடிக்கு எட்டு மணி நேரம் போதும். பதின்மூன்றரை மணி நேரத்துக்கு அதே வெளிச்சம் என்றால் கருந்தாடிப் பாசிக்கு விருந்து. ஒளியின் மொத்தம் என்பது வீரியமும் நேரமும் சேர்ந்த பெருக்கல் என்பதால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, லைட்டின் வீரியத்தை அறுபது சதவீதத்துக்கு இறக்கி நாள் முழுக்க விடுவது. இன்னொன்று, செடிக்கு ஒரு லைட், பார்வைக்கு ஒரு மெல்லிய லைட் என்று பிரிப்பது. இரண்டாவதைத்தான் செய்தேன். பத்து மணியிலிருந்து ஆறு மணி வரை இரண்டும் எரியும், மற்ற நேரத்தில் முன்பக்கம் இருக்கிற சிறு பட்டி மட்டும். வித்தியாசத்தை டாக்டரே கவனிக்கவில்லை, வந்துபோகிறவர்களா கவனிக்கப் போகிறார்கள். இதற்கெல்லாம் டைமர் அவசியம். பல் சக்கரம் வைத்த மலிவு டைமர் மின்வெட்டு வந்தால் அங்கேயே நின்றுவிடும். கரன்ட் இரண்டு மணி நேரம் போனால் அன்றிலிருந்து எல்லாமே இரண்டு மணி நேரம் தள்ளிப்போகும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். வீட்டுத் தொட்டிக்குக் காலையில் மூன்றரை மணி நேரம், மாலையில் நான்கு மணி நேரம் என்று பிரித்து வைக்கலாம், இடையில் அணைந்திருக்கும்போது தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் தேறும். டயானா வால்ஸ்டட் என்ற அமெரிக்கப் பெண்மணி சிலிண்டர் இல்லாத செடித் தொட்டிக்கு இந்த மதிய ஓய்வைப் பரிந்துரைத்திருக்கிறார். வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறொரு லாபமும் உண்டு. அவர்கள் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்துத் தொட்டி ஒளிரும்.

விளக்கின் ஆயுள் 50,000 மணி நேரம் என்று பெட்டியில் இருக்கும். நாளுக்கு எட்டு மணி என்றால் பதினேழு வருடம். அந்த எண் எல்ஈடி சில்லுக்குப் பொருந்தலாம், அதற்கு மின்சாரம் ஊட்டும் டிரைவருக்குப் பொருந்தாது. டிரைவருக்குள் இருக்கிற கெபாசிட்டர் சூட்டுக்குப் பகை, பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுக்காரர்களின் பொதுக் கணக்கு. அடைத்த மூடிக்குள் பேட்டனைத் திணித்தால் சீக்கிரம் போவது டிரைவர்தான். அதனால் நான் பழைய பாணி டாப் செய்வதை விட்டுவிட்டேன். நான்கு மில்லிமீட்டர் கண்ணாடி ஒன்றை மூடியாக வைத்து, அதன்மேல் காற்று படும்படி லைட்டை இரண்டு அங்குலம் தூக்கி வைக்கிறேன். கண்ணாடி ஒளியில் பத்தில் ஒரு பங்கைத் தடுக்கும், அது பரவாயில்லை. பரவாயில்லாதது உப்பு. போர்த் தண்ணீர் ஊற்றுகிற தொட்டிகளில் மூடியின் அடிப்பக்கம் வெள்ளையாகப் படிந்து, சில மாதத்தில் தேய்த்த கண்ணாடி மாதிரி ஆகிவிடும். லைட் மங்கிவிட்டது என்று என்னைக் கூப்பிட்ட சில வீடுகளில் எலுமிச்சைச் சாறும் பழைய துணியும்தான் ரிப்பேர். வினிகரும் ஆகும்.

வாங்கும்போது லைட்டை எரியவிட்டு, கைபேசிக் கேமராவில் பாருங்கள். திரையில் கறுப்புக் கோடுகள் ஓடினால் மலிவு டிரைவர் என்று அர்த்தம். பெட்டியில் 36 வாட் என்று எழுதி உள்ளே 12 வாட் மட்டும் எரிகிற சாமான்களும் சந்தையில் உலவுகின்றன, வாட் மீட்டரில் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். திறந்த தொட்டி என்றால் ஐபி67 முத்திரை உள்ளதாகப் பாருங்கள், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் உள்ளே நீர் புகாது என்பது அதன் பொருள். பேட்டனுக்கு அந்தத் தகுதி கிடையாது, மூடிக் கண்ணாடி இல்லாமல் அதை வைக்கவே கூடாது. ஒயர் தொட்டியிலிருந்து பிளக்குக்குப் போகுமுன் பிளக்கைவிடத் தாழ்வாக ஒருமுறை தொங்கி ஏற வேண்டும். ஒயரில் வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிப்போகும், பிளக்குக்கு வராது. மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் இ.எல்.சி.பி. வீட்டில் இல்லாவிட்டால் லைட் வாங்குகிற காசில் முதலில் அதைப் போடுங்கள். மீன் வளர்ப்பவர்கள் ஈரக் கையோடே எல்லாவற்றையும் தொடுகிறவர்கள்.

ஏற்கெனவே பெரிய லைட் வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம். ஒரு முழம் உயர்த்தித் தொங்கவிடுங்கள், அல்லது விளக்குக்கு அடியில் வெள்ளை அக்ரிலிக் தகடு ஒன்றைச் செருகுங்கள். எனக்குப் பிடித்த வழி மிதவைச் செடி. சால்வினியா ஒரு கைப்பிடி போட்டால் மேற்பரப்பில் பரவி அனுபியாஸுக்கு வேண்டிய நிழலைத் தானே கொடுக்கும். தலை காற்றில் இருப்பதால் அதற்குக் கார்பன் டை ஆக்சைடு பஞ்சம் கிடையாது, தண்ணீரில் மிஞ்சிய சத்தையும் பாசிக்கு விடாமல் தானே தின்றுவிடும். ஃபைட்டர் மீன் அதன் கீழ்தான் குமிழிக்கூடு கட்டும். ஒரே தொல்லை, வாரத்தில் இரட்டிப்பாகும். பாதியை அள்ளி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அள்ளியதை மொட்டை மாடியில் பரப்பி நன்றாகக் காய்ந்தபின் பூந்தொட்டிக்குப் போடுங்கள். சாக்கடையிலோ ரெட்டேரியிலோ வேறெந்த ஏரியிலோ கொட்டிவிடாதீர்கள். பிரேசில் பக்கத்துச் செடி இது, கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்ற பெயரில் வயலையும் வாய்க்காலையும் மூடி, கடைசியில் அதைத் தின்னும் வண்டை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டுத்தான் அடக்கினார்கள்.